மணலைப் பிழிந்து எண்ணெய்!

மணலைக் கயிறாகத் திரிக்க முடியுமா? முடியாது. மணலைப் பிழிந்து எண்ணெய் எடுக்க முடியுமா? முடியும்! கனடா தேசத்தில் நாள்தோறும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கொஞ்ச நஞ்சம் அல்ல. ஒரு நாளைக்கு 30 லட்சம் பீப்பாய்க்கு மேல்! ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர் கொண்டது.

கனடாவின் மேற்குப் பகுதியில் ஆல்பர்ட்டா என்று ஒரு மாகாணம் இருக்கிறது. அதன் வட பாகம் முழுவதும் ஊசியிலைக் காடு. குளிர்காலம் வந்தால் ஆறும் ஏரியும் கல்லாக உறைந்துவிடும். பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி, 40 டிகிரி என்று குளிர் இறங்கும். அந்தக் காட்டைக் கிழித்துக்கொண்டு வடக்கு நோக்கி ஓடுகிறது அதபாஸ்கா நதி. கோடையில் வெயில் ஏறும்போது ஆற்றங்கரை மேட்டிலிருந்து கறுப்பாக ஏதோ கசிந்து வழியும். கிட்டப் போனால் தார் வாடை மூக்கைத் துளைக்கும். அதுதான் தார் மணல்.

கையில் அள்ளிப் பார்த்தால் ரோடு போடும் தாரும் மணலும் கலந்த மாதிரி இருக்கும். விரலில் ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது. 100 கிலோ மணலில் ஏறத்தாழ 10 கிலோ எண்ணெய் இருக்கும். மீதி எல்லாம் மணலும் களிமண்ணும் கொஞ்சம் தண்ணீருமே.

பத்தில் ஒரு பங்குதானே என்று எண்ண வேண்டாம். அதபாஸ்கா, கோல்டு லேக், பீஸ் ரிவர் என்ற மூன்று இடங்களில் சுமார் 1,40,000 சதுர கிலோ மீட்டர் பரப்புக்கு இந்த மணல் பூமிக்கடியில் பரவிக் கிடக்கிறது. அதிலிருந்து எடுக்கக்கூடிய எண்ணெய் மட்டும் சுமார் 16,000 கோடி பீப்பாய் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வெனிசுலா, சவுதி அரேபியா போன்ற சில தேசங்களைத் தவிர வேறு எங்கும் இவ்வளவு பெரிய எண்ணெய்ப் புதையல் கிடையாது.

புதையல் இருக்கிறது. எடுப்பது எப்படி? இருநூறு ஆண்டுகளுக்கு மேல் மனிதனை மலைக்க வைத்த கேள்வி அது.

படகுக்குப் பூசிய தார்

அந்தக் காட்டின் பூர்வ குடிகளான கிரீ, டெனே மக்களுக்கு இந்தத் தார் புதியது அல்ல. அவர்கள் பிர்ச் மரத்தின் பட்டையால் படகு கட்டுவார்கள். பட்டையின் இணைப்பு வழியாகத் தண்ணீர் புகாமல் இருக்க, இந்தத் தாரை மரப் பிசினுடன் சேர்த்துக் காய்ச்சிப் பூசுவார்கள். 1719-ல் வா-பா-சு என்ற கிரீ மனிதர் ஒருவர் இந்த மணலில் கொஞ்சத்தை ஹட்சன் விரிகுடாக் கரையில் இருந்த வெள்ளைக்கார வியாபாரிகளிடம் கொண்டு போய்க் காட்டினார். அவர்களோ கம்பளி ரோமத் தோல் வாங்க வந்தவர்கள். தாருக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்? பார்த்தார்கள், எழுதி வைத்தார்கள், அதோடு சரி.

பிறகு அலெக்சாண்டர் மெக்கன்சி என்ற பிரயாணி அந்த வழியாகச் சென்றார். அங்கே உள்ள தார் ஊற்றுகளில் 20 அடிக் கம்பை விட்டாலும் தடையில்லாமல் உள்ளே போகிறது என்று 1801-ல் வெளியான தம் நூலில் குறித்திருக்கிறார்.

இந்த எண்ணெய் ஆதியிலேயே இப்படித் தாராக இருந்ததா? இல்லை. லட்சக்கணக்கான நூற்றாண்டுகளுக்கு முன்னால் மற்ற எண்ணெயைப் போலத்தான் இளகி ஓடிக்கொண்டிருந்தது. மேற்கே ராக்கி மலைத்தொடர் எழும்பியபோது ஏற்பட்ட அழுத்தத்தால் பூமிக்கடியில் நெடுந்தூரம் நகர்ந்து இந்த மணலில் வந்து தங்கியது. ஆழம் இல்லாத இடம், சூடும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதில் குடியேறின. எண்ணெயிலுள்ள இளகிய சத்தை எல்லாம் தின்று தீர்த்தன. கனமான சக்கைதான் மனிதனுக்கு மிச்சம்!

அந்தச் சக்கையையும் பிரித்துக் காட்டியவர் கார்ல் கிளார்க் என்ற ஆல்பர்ட்டா விஞ்ஞானி. 1920-ஆம் ஆண்டுகளில் அவர் தார் மணலைச் சுடுதண்ணீரில் போட்டுக் கலக்கினார். காஸ்டிக் சோடாவும் சேர்த்தார். மணல் அடியில் தங்கியது. எண்ணெய் நுரையாக மேலே மிதந்தது. இதே முறையில் 1967 செப்டம்பரில் ஒரு பெரிய தொழிற்சாலை திறக்கப்பட்டது. அதைக் காணக் கிளார்க் உயிரோடு இல்லை. 1966 டிசம்பரில் இறந்துவிட்டார். வாழ்நாளெல்லாம் காத்திருந்தவருக்கு இன்னும் பத்து மாதம் கிடைக்கவில்லை!

ஆனால் சுடுதண்ணீர் முறைக்கு மணலை வெட்டி எடுத்து வர வேண்டும். பூமிக்கு மேலாக, சுமார் 250 அடி ஆழத்துக்குள் இருந்தால்தான் வெட்டி எடுப்பது கட்டுப்படியாகும். அப்படிக் கிடைப்பது ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய்தான். மீதி நான்கு பங்கு இன்னும் ஆழத்தில் கிடக்கிறது. அதை என்ன செய்வது?

அணுகுண்டு வைக்கலாமா?

சாதாரண எண்ணெய்க் கிணறு என்றால் துளை போட்டதும் எண்ணெய் தானே கிணற்றுக்குள் வந்து சேரும். இந்த எண்ணெய் வராது. மார்கழி மாதத்தில் நெய் உறைந்து கரண்டிக்கு மசியாமல் நிற்கிறதே, அதைவிடப் பல மடங்கு மோசம். குளிர்ந்த பூமிக்குள் இருக்கும்போது இதன் கெட்டித்தன்மை தண்ணீரைப்போல் 10 லட்சம் மடங்குக்கு மேல்! கிணறு வெட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தாலும் ஒரு சொட்டு வராது.

உறைந்த நெய்யை என்ன செய்கிறோம்? அடுப்பில் வைக்கிறோம். தார் மணலுக்கும் அதுதான் வைத்தியம் என்று நிபுணர்களுக்குத் தெரிந்தே இருந்தது. 200 டிகிரிக்குச் சூடேற்றினால் அந்தக் கெட்டித் தார் சமையல் எண்ணெய்போல ஓடும். ஆனால் பூமியை அடுப்பில் வைப்பது எப்படி?

1950-ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் மான்லி நாட்லண்டு என்ற அமெரிக்கப் பூகர்ப்ப நிபுணருக்கு ஒரு யோசனை உதித்தது. சவுதி அரேபியாவின் பாலைவனத்தில் ஒரு நாள் அஸ்தமன சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சூரியன் மணலுக்குள் இறங்குவதுபோல் இருந்தது. சூரியனைப் போன்ற ஒரு நெருப்பை மணலுக்குள் வைத்தால் என்ன என்று அவர் நினைத்தார். அதாவது அணுகுண்டு!

இது வேடிக்கைப் பேச்சு அல்ல. 1958-ல் உண்மையாகவே திட்டம் தீட்டினார்கள். ஹிரோஷிமாவில் போட்ட குண்டில் பாதிக்குச் சற்று மேற்பட்ட சக்தியுள்ள ஒரு குண்டைத் தார் மணலுக்கு அடியில் ஆழத்தில் புதைத்து வெடிப்பது. அந்தச் சூட்டில் உருகி ஓடும் எண்ணெயைக் கிணறு போட்டு இறைப்பது. முதலில் 'கொப்பரைத் திட்டம்' என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள். ஜனங்கள் பயப்படுவார்கள் என்று 'எண்ணெய் மணல் திட்டம்' என மாற்றினார்கள். பெயரை மாற்றினால் குண்டு மாறுமா? அணுகுண்டுச் சோதனையே கூடாது என்ற கொள்கைக்குக் கனடா அரசாங்கம் வந்தது. திட்டம் 1960-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் கைவிடப்பட்டது. நல்ல வேளை!

வழி காட்டிய விபத்து

அணுகுண்டு செய்யாததைச் செய்தது நீராவி. அதுவும் தற்செயலாக.

வெனிசுலாவில் மெனே கிராண்டே என்ற எண்ணெய் வயல் இருக்கிறது. 1959-ல் அங்கே ஷெல் கம்பெனி எஞ்சினியர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். சில கிணறுகள் வழியாக நீராவியை உள்ளே செலுத்துவது. அது எண்ணெயைத் தள்ளிக்கொண்டு போய் வேறு கிணறுகளில் சேர்ப்பது. இதுதான் எண்ணம். ஒரு நாள் அழுத்தம் தாங்காமல் பூமியைப் பிளந்துகொண்டு நீராவி மேலே சீறியது. அழுத்தத்தைக் குறைக்க வேண்டுமே என்று நீராவி செலுத்திய கிணறுகளின் வாயைத் திறந்துவிட்டார்கள். நீராவி வெளியே வந்தது. அதன் பின்னாலேயே எண்ணெயும் வந்தது! உள்ளே செலுத்துவதற்கென்றே வைத்திருந்த கிணற்றில், ஒருவரும் எதிர்பாராமல், நாளைக்கு 100 பீப்பாய்க்குக் குறையாமல் எண்ணெய் கொட்டியது.

அப்போதுதான் விஷயம் விளங்கிற்று. இரண்டு கிணறு தேவை இல்லை. ஒரே கிணறு போதும். சில வாரங்கள் நீராவியைச் செலுத்து. கிணற்றை மூடி ஊற விடு. பிறகு திறந்து எண்ணெயை இறைத்துக்கொள். வரத்துக் குறைந்ததும் மறுபடியும் நீராவி. எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளர்கள் இதற்கு 'ஹப் அண்டு பப்' என்று பெயர் வைத்தார்கள். மூச்சு வாங்குவதும் மூச்சு விடுவதும்போல!

தண்ணீரைக் காய்ச்சிச் சுடுதண்ணீராகவே செலுத்தினால் போதாதா, நீராவி எதற்கு என்று தோன்றலாம். சமையலறையில் நிற்கும் பெண்களுக்கு இதன் விடை தெரியும். சுடுதண்ணீர் பட்ட புண்ணைவிட ஆவி அடித்த புண் பொல்லாதது. ஒரு கிராம் தண்ணீரைப் பூஜ்யத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டு வர 100 கலோரி சூடு போதும். அதே ஒரு கிராமை ஆவியாக்க மேலும் 540 கலோரி வேண்டும். ஆவி எங்கே போய்த் தண்ணீராகக் குளிர்கிறதோ, அங்கே அந்த 540 கலோரியையும் கொட்டிவிடுகிறது. பூமிக்குள் சூட்டைச் சுமந்து செல்ல இதைவிட மலிவான கூலியாள் கிடையாது.

கனடாவின் கோல்டு லேக் பகுதியில் 1964-லிருந்து இந்த முறையைச் சோதித்தார்கள். கோல்டு லேக் என்றால் குளிர்ந்த ஏரி. பெயருக்கு ஏற்ற இடம்! அங்கே தார் மணல் 1,300 அடிக்கும் கீழே கிடக்கிறது. 300 டிகிரிச் சூட்டில் நீராவியைச் செலுத்தினார்கள். 1985-ல் வியாபார ரீதியில் உற்பத்தி தொடங்கியது. இந்தியாவிலும் ராஜஸ்தான் பாலைவனத்தில் பாகேவாலா என்ற இடத்தில் ஆயில் இந்தியா நிறுவனம் இந்த 'மூச்சு' முறையில்தான் கனமான எண்ணெயை எடுக்கிறது.

ஆயினும் ஒரு குறை. நீராவி கிணற்றைச் சுற்றியுள்ள இடத்தைத்தான் சூடாக்கும். எட்ட இருக்கும் எண்ணெய் அசையாது. முக்கால் பங்கு மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும்.

பட்லரின் இரட்டைக் கிணறு

இந்தக் குறையைத் தீர்த்தவர் ராஜர் பட்லர். இங்கிலாந்தில் 1927-ல் பிறந்தவர். ரசாயன எஞ்சினியரிங் படித்துப் பட்டம் பெற்று, 1955-ல் கனடாவின் இம்பீரியல் ஆயில் கம்பெனியில் சேர்ந்தார்.

எல்லோரும் எண்ணெயைத் தள்ளப் பார்த்தார்கள். பட்லர் தள்ள வேண்டாம் என்றார். சூடாக்கி விட்டால் போதும், எண்ணெய் தன் கனத்தால் தானே கீழே இறங்கும் என்றார். மாம்பழம் மரத்திலிருந்து விழுவதற்கு யாராவது தள்ளுகிறார்களா?

கேட்டவர்கள் சிரித்தார்கள். சொட்டுச் சொட்டாக இறங்கும் எண்ணெயை நம்பித் தொழில் நடத்த முடியுமா? பட்லர் அதற்கும் வழி சொன்னார். கிணறு செங்குத்தாக இருந்தால் சொட்டு விழும் இடம் சிறிது. கிணற்றைப் படுக்க வைத்தால்? அரை மைல் நீளத்துக்கும் சொட்டிக்கொண்டிருக்கும். பல ஆயிரம் சொட்டு சேர்ந்தால் ஓடை.

அவருடைய ஏற்பாடு இதுதான். பூமிக்குள் இறங்கும் கிணறு தார் மணலின் அடிப்பாகத்தை அடைந்ததும் வளைந்து, தரைக்குச் சமமாகப் படுத்துக்கொண்டு நெடுந்தூரம் செல்லும். அதற்கு நேர் மேலே சுமார் 16 அடி உயரத்தில் இன்னொரு கிணறு. மேல் கிணறு நீராவிக்கு. கீழ்க் கிணறு எண்ணெய்க்கு.

முதலில் மூன்று மாதம்போல இரண்டு கிணற்றிலும் நீராவியைச் சுற்ற விடுவார்கள். இடையில் இருக்கும் தார் இளகி வழிவிட வேண்டும் அல்லவா? பிறகு மேல் கிணற்றில் மட்டும் நீராவி. நீராவி இலேசானது, மேலே ஏறும். ஏற ஏற மணலுக்குள் ஒரு வெப்ப அறை உண்டாகும். அந்த அறையின் ஓரங்களில் குளிர்ந்த தாரைத் தொட்டதும் ஆவி தண்ணீராகும். தார் உருகும். உருகிய எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்து ஓரமாகவே வழிந்து கீழ்க் கிணற்றில் சேரும். இட்லிப் பானை மூடியின் உட்புறத்தில் முத்து முத்தாக நீர் துளிர்த்து ஓரமாக வழிகிறதே, அதே சங்கதி! வழிந்த இடம் காலியாக, அறை இன்னும் பெரிதாகும். ஆண்டுக்கணக்கில் இப்படியே வளர்ந்துகொண்டு போகும்.

இதில் ஒரு சாமர்த்தியம் தேவை. அவசரப்பட்டு இறைத்தால் எண்ணெய்க்குப் பதில் நீராவியே நேராகக் கீழ்க் கிணற்றுக்குள் புகுந்துவிடும். குழாயும் கெடும், சூடும் வீண். ஆகவே கீழ்க் கிணற்றுக்கு மேலே எப்போதும் கொஞ்சம் எண்ணெய் தேங்கி நிற்கும்படி பார்த்துக்கொள்வார்கள். அந்தத் தேக்கம்தான் மூடி. பசுவைக் கறக்கும்போது கன்றுக்கு விட்டுவைப்பது மாதிரி!

1978-ல் கோல்டு லேக்கில் ஒரு படுக்கைக் கிணற்றை வைத்துப் பட்லர் கணக்குச் சரி என்று காட்டினார். ஆனால் இரண்டு கிணறுகளையும் இவ்வளவு நெருக்கமாக, இணை பிரியாமல் தோண்டும் கருவி அந்தக் காலத்தில் இல்லை. அதற்கு ஆல்பர்ட்டா அரசாங்கம் அமைத்த ஆராய்ச்சி ஸ்தாபனம் ஒரு விசித்திரமான வழி கண்டது. போர்ட் மக்மரி நகருக்கு வடமேற்கே காட்டுக்குள் சுரங்கம் வெட்டியது. தார் மணலையும் தாண்டி, அதற்கு அடியில் உள்ள சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கிக் குகைப்பாதை அமைத்தார்கள். தொழிலாளர்கள் அந்தக் குகையில் நின்று, தலைக்கு மேலே இருக்கும் தார் மணலுக்குள் கீழிருந்து மேலாகத் துளை போட்டார்கள்! 1987-ல் நீராவியை விட்டார்கள். எண்ணெய் வழிந்தது. 1992-ல் 1,600 அடி நீளத் துளைகளுடன் மறுபடி சோதித்தார்கள். அதுவும் வெற்றி. பாதிக்கு மேல் எண்ணெய் கிடைக்கும் என்பது நிரூபணமாயிற்று.

அதற்குள் காந்தக் கருவியின் துணையால் தரையிலிருந்தே இரட்டைக் கிணறு தோண்டப் பழகிவிட்டார்கள். 2001-ல் பாஸ்டர் கிரீக் என்ற இடத்தில் வியாபார உற்பத்தி ஆரம்பமாயிற்று. கல்காரி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பட்லர் அதைக் கண்ணாரக் கண்டார். 2005-ல் காலமானார். கிளார்க்குக் கிடைக்காத பாக்கியம் இவருக்குக் கிடைத்தது. இன்று தார் மணல் எண்ணெயில் ஏறத்தாழப் பாதி நீராவியால் வருகிறது.

பூமி வெடித்தது

நீராவி நல்ல வேலைக்காரன்தான். ஆனால் அவனுக்குப் போடும் தீனி அதிகம். ஒரு பீப்பாய் எண்ணெய் எடுக்கச் சுமார் மூன்று பீப்பாய் தண்ணீரை ஆவியாக்க வேண்டும். அதற்கு இயற்கை எரிவாயுவை எரிக்கிறார்கள். கிடைக்கும் எண்ணெயிலுள்ள சக்தியில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு இந்த அடுப்புக்கே போய்விடுகிறது! புகையும் கரியமில வாயுவும் அதற்கு ஏற்ப அதிகம். தண்ணீரைப் பெரும்பாலும் சுத்தம் செய்து மறுபடி உபயோகிக்கிறார்கள். எரிந்த வாயு திரும்புமா?

கட்டுக்கு மீறினால் அபாயமும் உண்டு. 2006 மே 18-ந் தேதி ஜோஸ்லின் என்ற இடத்தில், தார் மணலுக்கு மேலே மூடிபோல் இருந்த பாறை நீராவியின் அழுத்தத்தில் உடைந்தது. பூமி வெடித்து மண்ணும் பாறையும் வானில் பறந்தன. ஆயிரம் அடி தூரத்தில்கூடக் கற்கள் வந்து விழுந்தன. 400 அடி நீளத்துக்குத் தரை பாழாயிற்று. நடுக்காடு, அக்கம் பக்கத்தில் ஆள் இல்லை. உயிர்ச்சேதம் இல்லாமல் தப்பியது. அதன் பிறகு, மூடிப்பாறை எவ்வளவு கனம், எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று அதிகாரிகள் கண்டிப்பாகப் பார்க்கத் தொடங்கினார்கள். 2013-ல் கோல்டு லேக் பிரதேசத்தில் இன்னொரு சங்கடம். நீராவி செலுத்திய இடத்தில் தார் எங்கெங்கோ வழி தேடிக்கொண்டு, கிணறு இல்லாத இடங்களில் தரைக்கு வந்து கசிந்தது. ஒரு சிறு ஏரியிலிருந்து தண்ணீரை இறைத்துவிட்டுச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது.

காடு யாருக்கு?

நீராவி முறையில் பூமியைத் தோண்டிப் பள்ளமாக்குவது இல்லை. சேற்றுத் தண்ணீரைக் கடல்போலத் தேக்கி வைக்கும் குட்டைகளும் இல்லை. இது பெரிய லாபம்தான். ஆனால் காடு அப்படியே இருக்கிறதா? எண்ணெய் எங்கே என்று பார்க்கக் காட்டில் நேர்கோடு கோடாக மரங்களை வெட்டுகிறார்கள். கிணற்று மேடைக்கு ஓர் இடம், அதற்குப் பாதை, நீராவிக் குழாய்க்கு ஒரு பாதை. வானத்திலிருந்து பார்த்தால் காடு கட்டம் போட்ட துணிபோல இருக்கும்.

அந்தக் காட்டில் கரிபூ என்ற மான் இனம் வாழ்கிறது. அடர்ந்த காடுதான் அதற்கு அரண். வெட்டிய கோடுகள் ஓநாய்களுக்கு ராஜபாட்டையாகிவிட்டன. முன்பு புதரில் தடுமாறிய ஓநாய் இப்போது பாதையில் ஓடி வந்து மானைப் பிடிக்கிறது. கரிபூ ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. சில கம்பெனிகள் பழைய கோடுகளில் மறுபடி மரக்கன்று நட்டு வருகின்றன. குளிர் நாட்டு மரம் வளர எத்தனை காலமாகும்!

மானை நம்பி வாழ்ந்த மக்களின் நிலை என்ன? கோல்டு லேக் டெனே மக்களின் வேட்டைக் காட்டைக் கனடா அரசாங்கம் 1950-ஆம் ஆண்டுகளில் விமானப் படைப் பயிற்சிக்காக எடுத்துக்கொண்டு அவர்களை வெளியேற்றியது. வேட்டைக்கும் மீனுக்கும் போன இடத்தில் குண்டு போட்டுப் பழகினார்கள். பாஸ்டர் கிரீக் நீராவிக் கிணறுகள் இன்று அந்த எல்லைக்குள்தான் இருக்கின்றன.

பக்கத்தில் பீவர் லேக் கிரீ என்ற சிறு சமூகம். அவர்களுடைய முன்னோர் 1876-ல் பிரிட்டிஷ் மகாராணியின் பெயரால் செய்யப்பட்ட உடன்படிக்கையில் சேர்ந்தவர்கள். வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் உரிமை உண்டு என்பது அதன் ஷரத்து. "ஒரு கிணற்றுக்கு அனுமதி கொடுத்தால் காடு அழியாது; ஆயிரக்கணக்கில் கொடுத்தால் வேட்டையாட என்ன இருக்கும்? உரிமை மட்டும் காகிதத்தில் இருந்து என்ன பயன்?" என்பது அவர்கள் வாதத்தின் சாரம். 2008-ல் கனடா அரசாங்கத்தின்மீதும் ஆல்பர்ட்டா அரசாங்கத்தின்மீதும் வழக்குத் தொடுத்தார்கள்.

வழக்கு நடத்தப் பணம் வேண்டும். ஏழைச் சமூகம். அரசாங்கமே செலவைக் கொடுக்க வேண்டும் என்று கேட்டதே ஒரு தனி வழக்காகி உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. கையில் கொஞ்சம் பணம் வைத்திருப்பதாலேயே உதவி கிடையாது என்று தள்ளிவிட முடியாது; பள்ளிக்கூடம், குடிதண்ணீர் போன்ற அவசரத் தேவைகளையும் கவனிக்க வேண்டும் என்று 2022-ல் அந்த நீதிமன்றம் சொன்னது. எவ்வளவு கொடுப்பது என்பதைக் கீழ்க் கோர்ட்டே மறுபடி விசாரிக்கட்டும் என்று திருப்பி அனுப்பியது.

நீராவிக் கிணறுகளில் இதற்கிடையே வேறொரு மாறுதல் வந்திருக்கிறது. கோல்டு லேக்கில் 2024-ல் ஒரு புதிய பகுதியைத் திறந்தார்கள். அங்கே நீராவியுடன் எண்ணெயைக் கரைக்கும் இலேசான திரவத்தையும் கலந்து செலுத்துகிறார்கள். சூடு பாதி, கரைப்பான் பாதி என்று வேலை நடந்தால் எரிவாயுச் செலவு குறையும். செலுத்திய கரைப்பானில் பெரும் பகுதி எண்ணெயோடு திரும்பி வந்துவிடும். அதைப் பிரித்தெடுத்து மறுபடியும் கிணற்றுக்குள் அனுப்புவார்கள்.